வெளிநாட்டுப் பயண அட்டை: வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

தேவனஹள்ளி கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்தில், 2023 செப்டம்பர் முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. நள்ளிரவு கடந்த வேளையில் அங்குள்ள நாணய மாற்று முகப்பின் அருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். பெட்டிகளை அனுப்பிவிட்டு, குடிநுழைவுச் சோதனைக்குச் செல்லும் அவசரத்தில், பலர் அங்கே ரூபாயை டாலராகவும் யூரோவாகவும் மாற்றிக்கொண்டிருப்பர். மல்லேசுவரம் சந்தையில் ஒரு கிலோ அவரைக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசியவர்களாகத்தான் அவர்களுள் பலர் இருப்பர். இங்கோ, ஒரு யூரோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அந்நேரத்தில் வேறு வழியில்லை.

வெளிநாட்டில் செலவழிக்கும் பணத்தை எந்த வடிவில் கொண்டு செல்வது என்னும் கேள்வி, பயணச்சீட்டு வாங்கிய மறுநாளே எழ வேண்டிய கேள்வி. பெரும்பாலோர் 'ஃபாரெக்ஸ் கார்டு' எனச் சொல்லும் வெளிநாட்டுப் பயண அட்டையை மையமாகக் கொண்டு அதற்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

எட்டு டாலரிலிருந்து இரண்டரை இலட்சம் டாலர் வரை

இன்று இப்படித் தேர்ந்தெடுக்க முடிவதே அண்மைக்காலத்து வசதிதான். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு மிகுந்திருந்த 1960களில் மேற்படிப்புக்காகக் கடல் கடந்தவர்கள், கையில் எட்டு டாலரோடு விமானம் ஏறியதை இன்றும் நினைவுகூர்வர். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கடுமையானது. அதன் இடத்தில் 1999இல் இயற்றப்பட்டு 2000 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 'ஃபெமா' சட்டம், செலாவணியைக் கட்டுப்படுத்துவதிலிருந்து நிர்வகிப்பதற்கு நகர்ந்தது. 2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி 'எல்.ஆர்.எஸ்.' எனப்படும் தாராளமயப் பணவனுப்பல் திட்டத்தை அறிமுகப்படுத்தியபோது, ஒருவருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் அனுமதிக்கப்பட்டது. 2015 முதல் அவ்வரம்பு நிதியாண்டுக்கு 2,50,000 டாலராக உள்ளது. சுற்றுலா, உறவினரைக் காணச் செல்லுதல், மருத்துவம், கல்வி முதலிய அனைத்தும் இந்த ஒரே வரம்பினுள் அடங்கும். பயண அட்டையில் ஏற்றும் பணமும் இதில் சேரும்.

பணத்தாளைச் சுமக்காமல் பயணம் செய்யும் வழியை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1891இலேயே பயணக் காசோலை மூலம் பரப்பியது. ஒரு தலைமுறை முன்பு வரை நம்மூர் வங்கிக் கிளைகளிலும் வாடிக்கையாளர் ஒவ்வொரு காசோலைத் தாளிலும் கையொப்பமிட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தக் காசோலையின் வேலையைத்தான் இன்று பயண அட்டை செய்கிறது. உங்கள் ரூபாயைப் பெற்றுக்கொண்டு, அன்றைய விகிதத்தில் அதை டாலராகவோ யூரோவாகவோ மாற்றி வங்கி அட்டையில் ஏற்றுகிறது. நீங்கள் செலவழிப்பது அந்த நாணயத்தையே. அட்டை உங்கள் சேமிப்புக் கணக்கோடு இணைந்ததன்று. தொலைந்தாலோ, எண் திருடப்பட்டாலோ, கைவைக்கத்தக்கது ஏற்றிய தொகை மட்டுமே. ஓய்வூதியமும் வைப்புநிதி வட்டியும் வந்து சேரும் கணக்கின் பற்று அட்டையை வெளிநாட்டுக் கடைகளில் நீட்டுவதைக் காட்டிலும் இது பாதுகாப்பானது என நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

விகிதம் அன்றே உறுதியாகிவிடுகிறது என்பதை இலாபமாக மட்டும் விளம்பரங்கள் கூறும். ரூபாயின் மதிப்பு குறைந்தால் அது இலாபம், கூடினால் இழப்பு. இதன் உண்மையான பயன், செலவு எவ்வளவு என்பது புறப்படும் முன்பே தெரிந்துவிடுவதுதான்.

ஒரு கணக்கு

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் செல்லும் ஒரு தம்பதியர் 2,000 யூரோ கொண்டு செல்ல எண்ணுகின்றனர் என வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, யூரோவின் சந்தை மதிப்பு 100 ரூபாய் என்று கொள்வோம். கீழ்வரும் விகிதங்களும் கட்டணங்களும் எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்துக்கொண்டவை. வரி விகிதம் மட்டும் நடைமுறையில் உள்ளது.

வங்கி, பயண அட்டைக்கு யூரோவை 101 ரூபாய் 50 காசுக்கு விற்கிறது. 2,000 யூரோவுக்கு 2,03,000 ரூபாய். நாணய மாற்றின் மீது சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. ஆனால் மாற்றும் தொகை முழுவதற்கும் 18 சதவீதம் என அஞ்ச வேண்டாம். முதல் ஒரு இலட்சத்திற்கு 1 சதவீதமும், அதற்கு மேல் பத்து இலட்சம் வரை அரை சதவீதமும் சேவையின் மதிப்பாகக் கொள்ளப்பட்டு, அம்மதிப்பின் மீதே 18 சதவீதம் விதிக்கப்படும். இங்கே அம்மதிப்பு 1,515 ரூபாய். வரி 273 ரூபாய். அட்டை வழங்கும் கட்டணம் 300 ரூபாயும் அதற்குரிய வரி 54 ரூபாயும் சேர்த்தால் மொத்தம் 2,03,627 ரூபாய்.

அதே 2,000 யூரோவை விமான நிலைய முகப்பில் 106 ரூபாய் வீதம் பணத்தாளாக வாங்கினால், வரியோடு 2,12,281 ரூபாய். வேறுபாடு 8,654 ரூபாய்.

கடன் அட்டையில் செலவழித்தால்? அட்டை வலையமைப்பின் விகிதம் 100 ரூபாய் 30 காசு என்றும், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3.5 சதவீதம் என்றும் கொண்டால், அக்கட்டணத்தின் மீதான வரியோடு 2,08,885 ரூபாய் ஆகிறது. பயண அட்டை 5,258 ரூபாய் மலிவு. பெரும்பாலான விளக்கக் கையேடுகள் கணக்கை இந்த இடத்தில் நிறுத்திவிடும். பயணமோ இங்கேதான் தொடங்குகிறது.

தம்பதியர் யூரோவை மட்டுமே ஏற்றிச் செல்கின்றனர். சுவிட்சர்லாந்தின் நாணயம் யூரோ அன்று, சுவிஸ் பிராங்க். அங்கே 400 யூரோ மதிப்புக்குப் பொருள் வாங்கும்போது, அட்டையிலுள்ள யூரோ பிராங்காக மாற்றப்பட்டு, குறுக்கு நாணயக் கட்டணம் 3.5 சதவீதம், அதாவது 14 யூரோ, கழிக்கப்படுகிறது. சில்லறைச் செலவுக்காக எட்டு முறை ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் எடுக்கின்றனர். முறைக்கு 2 யூரோ வீதம் 16 யூரோ. ஆக, 1,700 யூரோ செலவழித்து, 30 யூரோ கட்டணம் கொடுத்து, 270 யூரோ மீதியோடு ஊர் திரும்புகின்றனர். அம்மீதியை வங்கி 98 ரூபாய் விகிதத்தில் திரும்ப வாங்குகிறது. கிடைப்பது 26,460 ரூபாய். எனவே 1,700 யூரோ பயனுக்கு அவர்கள் கொடுத்த விலை 1,77,167 ரூபாய். அதே 1,700 யூரோவைக் கடன் அட்டையில் செலவழித்திருந்தால் 1,77,552 ரூபாய். ஐயாயிரத்துச் சொச்சமாக இருந்த சேமிப்பு 385 ரூபாயாகக் கரைந்துவிட்டது.

ஆகவே அட்டையின் விலையை அதன் மாற்று விகிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த நாணயத்தை ஏற்றினோம், எத்தனை முறை பணம் எடுத்தோம், எவ்வளவு மிச்சம் வைத்தோம் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பல நாணயங்களை ஏற்கும் அட்டையில் 1,600 யூரோவும் மீதிக்குப் பிராங்கும் ஏற்றியிருந்தால் அந்த 14 யூரோ மிஞ்சியிருக்கும். மூன்று முறை மட்டும் கூடுதல் தொகையாக எடுத்திருந்தால் 10 யூரோ மிஞ்சியிருக்கும்.

வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமே இல்லாத கடன் அட்டைகளும் இன்று உள்ளன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாதத் தவணையை முழுமையாகச் செலுத்தும் பழக்கமுள்ளவருக்கு, கடையில் பொருள் வாங்க அவை பயண அட்டையைவிட மலிவாகலாம். ஆனால் கடன் அட்டையால் ஏ.டி.எம்மில் பணம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

சூரிச்சில் ஒரு சனிக்கிழமை

மேற்கண்ட கணக்கு ஆயிரங்களைப் பற்றியது. அதைவிடப் பெரியதொன்றும் பயண அட்டையில் இருக்கிறது என்பதை, வங்கிப் பணியில் முப்பதாண்டு கழித்த பின்னரே நான் அறிந்தேன்.

அல்சூரில் வசிக்கும் என் தங்கையும் மைத்துனரும் சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பா சென்றனர். எந்த அட்டை வாங்குவது என்று என்னைக் கேட்டனர். நான் நான்கு வங்கிகளின் விகிதத்தை ஒப்பிட்டு, மிகக் குறைந்த விகிதமுள்ள ஓர் அட்டையைச் சொன்னேன். ஒரே அட்டை, ஒரே நாணயம், மைத்துனர் பெயரில். பயணத் திட்டத்தில் சுவிட்சர்லாந்து இருந்ததை நான் கேட்கவில்லை.

சூரிச்சில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மைத்துனருக்கு நெஞ்சின் கீழ்ப்புறம் தாங்கொணா வலி. இங்கே ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணிக்குத் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மருத்துவமனையில் முதற்சிகிச்சை உடனே தொடங்கிவிட்டது. உள்நோயாளியாகச் சேர்க்க 1,500 பிராங்க் முன்பணம் கேட்டனர். காப்பீட்டு நிறுவனத்தின் உறுதி வர நேரமாகும் என்றனர். "அட்டையில் பணம் இருக்கிறது அண்ணா, ஆனால் எடுக்கவில்லை" என்றாள்.

பணம் இருந்தது. 1,900 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தங்கும் விடுதி, சேர்ந்த அன்றே அந்த அட்டையில் 600 யூரோவைப் பிணையாக நிறுத்தி வைத்திருந்தது. அது செலவன்று, அறையை ஒப்படைத்த பின் விடுவிக்கப்படும் தொகை. விடுவிக்கச் சில நாட்களும் ஆகும். எஞ்சிய தொகை 1,500 பிராங்குக்கும் குறுக்கு நாணயக் கட்டணத்துக்கும் போதவில்லை. இயந்திரம் பகுதித் தொகையை எடுத்துக்கொள்வதில்லை, மறுத்துவிடும்.

நான் இங்கிருந்து பணம் ஏற்ற முயன்றேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது; அடுத்த வேலை நாளில் அட்டையில் சேரும் என்று செய்தி வந்தது. அந்த வேலை நாள் திங்கட்கிழமை. தங்கையிடம் கடன் அட்டை ஒன்று இருந்தது. ரிசர்வ் வங்கியின் 2020 ஜனவரிச் சுற்றறிக்கைக்குப் பின், புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறக்கப்பட்டு வழங்கப்படுகின்றன; வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளர்தாம் திறக்க வேண்டும். அவள் திறந்திருக்கவில்லை. அப்போது திறப்பதற்கு ஒருமுறைக் கடவுச்சொல் வேண்டும். அது செல்ல வேண்டிய பெங்களூர் சிம் அட்டை, ரோமிங் வசதி பெறப்படாமல் அவளுடைய கைப்பையின் அடியில் கிடந்தது.

அன்று பிற்பகல் அவர்கள் அரிசியும் தயிரும் வாங்கச் சென்ற கடை, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடையது. ஈழத் தமிழர் ஆயிரக்கணக்கில் வாழும் நாடு அது. "ஏதும் தேவையெண்டா எடுங்கோ அக்கா" என்று எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார். தயங்கித் தயங்கி அவரை அழைத்தாள். அரைமணி நேரத்தில் வந்து தம் அட்டையிலிருந்து முழுத் தொகையையும் செலுத்தினார். பித்தப்பைக் கல் என்று கண்டனர். இரண்டாம் நாள் வீடு திரும்பலாம் என்றனர். திங்களன்று அட்டையில் பணம் சேர்ந்ததும், ஏ.டி.எம்மின் நாள் வரம்பு காரணமாக, செவ்வாய், புதன் ஆகிய இரு நாட்களில் எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தனர். காப்பீட்டுத் தொகை பிறகு வந்தது.

அவ்வட்டையைப் பரிந்துரைத்தவன் நான். விகிதத்தில் அவர்களுக்கு ஏறத்தாழ எண்ணூறு ரூபாய் மிச்சப்படுத்திக் கொடுத்திருந்தேன்.

அந்த இரவிலிருந்து நான் கேட்கும் கேள்விகள்

இப்போது யாரேனும் அட்டை பற்றிக் கேட்டால், விகிதத்தைப் பேசுமுன் பயணத் திட்டத்தைக் கேட்கிறேன். எந்தெந்த ஊர்கள், எங்கெங்கு விமானம் மாறுகிறது என்பதெல்லாம் வேண்டும். உங்கள் நாடு யூரோ நாடுதானா என்று பாருங்கள். குரோஷியா 2023 ஜனவரி முதல் யூரோவுக்கு மாறியது. செக் குடியரசும் ஹங்கேரியும் மாறவில்லை. அட்டையில் உங்கள் நாட்டு நாணயம் இல்லையெனில், டாலரை ஏற்றிக் குறுக்குக் கட்டணம் கொடுப்பதைவிட வேறு வழி நன்றாயிருக்கலாம். இலங்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பயண அட்டைகளில் இலங்கை ரூபாய் பொதுவாக இருப்பதில்லை. ஆனால் 2024 பிப்ரவரி முதல் அங்கே யு.பி.ஐ. மூலம் கடைகளில் செலுத்தும் வசதி வந்துள்ளது. சிறிதளவு டாலர் தாள்கள், யு.பி.ஐ., கட்டணம் குறைந்த கடன் அட்டை ஆகியவை கொழும்புப் பயணத்துக்குப் பெரும்பாலும் போதும். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், மொரீசியஸ், நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளிலும் யு.பி.ஐ. சில இடங்களில் ஏற்கப்படுகிறது. அதை மட்டும் நம்பிப் புறப்படும் அளவுக்கு எல்லாக் கடைகளிலும் இன்னும் பரவவில்லை. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் பயணச் செலாவணியே வழங்கப்படுவதில்லை. அங்கு பயண அட்டை வேலை செய்யாது.

சிங்கப்பூரில் பயண அட்டை நன்கு பயன்படும். தொடர்பில்லா முறையில் அட்டையைத் தொட்டே தொடர்வண்டியிலும் பேருந்திலும் செல்லலாம். வெளிநாட்டு அட்டைக்குப் பயணம் செய்யும் நாளுக்கு ஒரு சிறு நிர்வாகக் கட்டணம் உண்டு. ஒரு வாரத்திற்கு மேல் தங்குபவர் உள்ளூர்ப் போக்குவரத்து அட்டை வாங்குவது மேல். ஜப்பானிலும் ஜெர்மனியிலும், வளர்ந்த நாடுதானே என்று எண்ணிப் பணத்தாள் இல்லாமல் சிற்றுணவகத்துக்குள் நுழைந்து விழிப்பவர் பலர். அமெரிக்காவில் எரிபொருள் நிலையத்து இயந்திரம் ஐந்திலக்க அஞ்சல் எண்ணைக் கேட்கும். நம் அட்டைக்கு அது பொருந்தாது. உள்ளே சென்று பணியாளரிடம் செலுத்த வேண்டும்.

இரண்டாவது கேள்வி, பிணைத்தொகை எந்த அட்டையில் என்பது. தங்கும் விடுதி, வாடகைக் கார் ஆகியவற்றின் பிணைக்குக் கடன் அட்டையை மட்டுமே கொடுங்கள். அங்கே முடங்குவது கடன் வரம்பு. பயண அட்டையிலோ கைப்பணமே முடங்கும்.

மூன்றாவது, விடுமுறை நாளில் பணம் ஏற்ற முடியுமா என்பது. சில வங்கிகளில் செயலி வழியே எந்நேரமும் ஏற்றலாம்; சிலவற்றில் அலுவல் நேரத்தில் மட்டும். முகப்பில் இருப்பவரிடம் "ஏற்றலாமா?" என்று கேட்டால் "ஏற்றலாம்" என்றே பதில் வரும். "சனிக்கிழமை இரவு ஏற்றினால் எப்போது அட்டையில் சேரும்?" என்று கேளுங்கள். உடன் மாற்று அட்டை ஒன்று தருவார்களா, தொலைந்தால் வெளிநாட்டிலிருந்து கட்டணமின்றி அழைக்கும் எண் உண்டா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான்காவது, அட்டை யார் பெயரில் என்பது. எல்.ஆர்.எஸ். வரம்பு தனிநபருக்குரியது. எனவே கணவன், மனைவி இருவரும் தத்தம் பான் எண்ணில் தனித்தனி அட்டை வாங்கலாம். ஒன்று முடங்கினாலும் மற்றது இருக்கும். இரண்டையும் ஒரே பணப்பையில் வைத்தால் பயனில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் தங்கையிடம் சொல்ல வேண்டியிருந்தது.

கடைக்காரரின் இயந்திரம் கேட்கும் ஒரு கேள்விக்கும் விடையைத் தயாராக வைத்திருங்கள். "ரூபாயில் செலுத்துகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா?" என்று திரையில் வரும். நம் ரூபாயைக் கண்டதும் மனம் அதை நாடும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், கடைக்காரருடைய வங்கி தன் விருப்பப்படி ஒரு விகிதத்தை வைத்து மாற்றும். பயண அட்டையாயின், பிராங்க் ரூபாயாகி, ரூபாய் மீண்டும் உங்கள் அட்டையின் நாணயமாகும், இருமுறை இழப்பு. எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஏ.டி.எம்மிலும் இவ்வாறே.

சட்டம் கூறும் அளவுகள்

ஒரு பயணத்துக்குப் பணத்தாளாக 3,000 டாலர் மதிப்பு வரையே பெறலாம். சில நாடுகளுக்கும் ஹஜ் பயணத்துக்கும் தனி விதிகள் உண்டு. அதற்கு மேற்பட்டது அட்டை முதலிய வடிவங்களில் இருக்க வேண்டும். செலாவணி வாங்க 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க இயலாது. கணக்கிலிருந்தே செலுத்த வேண்டும். திரும்பி வரும்போதைய செலவுக்காக இந்திய ரூபாயை 25,000 வரை உடன் கொண்டு செல்லலாம். பெங்களூரில் இறங்கி வீட்டுக்கு வாடகைக் கார் பிடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

பலரைத் திடுக்கிடச் செய்வது மூலத்தில் வசூலிக்கப்படும் வரி. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் எல்.ஆர்.எஸ். வழியே அனுப்பும் மொத்தத் தொகை பத்து இலட்சம் ரூபாய் வரை இவ்வரி இல்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு, கல்வியும் மருத்துவமும் அல்லாத நோக்கமாயின், 20 சதவீதம் வசூலிக்கப்படும். அட்டையில் இரண்டு இலட்சந்தானே ஏற்றுகிறோம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பத்து இலட்சம் என்பது அனைத்து வங்கிகளிலும் உங்கள் பான் எண்ணில் நடந்தவற்றின் கூட்டுத்தொகை. அதே ஆண்டில் வெளிநாட்டில் உள்ள மகனுக்கு ஒன்பது இலட்சம் அனுப்பியவர், இப்போது இரண்டு இலட்சம் ஏற்றினால், வரம்பைத் தாண்டிய ஒரு இலட்சத்திற்கு 20,000 ரூபாய் உடனே கட்ட வேண்டும். இது கூடுதல் வரியன்று. வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து, மிகுதியைத் திரும்பப் பெறலாம். சம்பளம் பெறுவோர் தம் நிறுவனத்துக்குத் தெரிவித்து மாத வரிப்பிடித்தத்தில் குறைத்துக்கொள்ளவும் இயலும். ஆயினும் புறப்படும் வாரத்தில் இருபதாயிரம் ரூபாய் முடங்குவது சிறிதன்று. தம்பதியரில் இவ்வாண்டு பணம் அனுப்பாதவர், தம் சொந்தப் பணத்தைக் கொண்டு, தம் பெயரில் அட்டை வாங்கினால் இச்சிக்கல் எழாது.

வெளிநாட்டில் இருக்கும்போது கடன் அட்டையில் செய்யும் செலவையும் எல்.ஆர்.எஸ். வரம்பினுள் கொண்டுவர 2023 மே மாதம் அரசு அறிவித்து, ஜூன் இறுதியில் அதை ஒத்திவைத்தது. அதனால் அச்செலவு இவ்வரம்பில் சேர்வதில்லை. பற்று அட்டைச் செலவு சேரும்.

புறப்படுமுன், திரும்பியபின்

கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு, பான் அட்டை ஆகியவற்றோடு கிளைக்குச் சென்றால், ஏ-2 படிவத்தை நிரப்பி அட்டையைப் பெறலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே செல்லுங்கள். எம்.ஜி. சாலையிலோ ஜெயநகரிலோ உள்ள உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையங்களின் விகிதத்தையும் அதே நாளில், அதே மணியில் கேட்டு ஒப்பிடுங்கள். காலை விகிதத்தை மாலை விகிதத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. நம் வங்கியின் விகிதம் கூடுதலாக இருந்தால் குறைக்கக் கேட்கவும் தயங்க வேண்டாம். கணிசமான தொகைக்குக் கிளை மேலாளரால் ஓரளவு குறைத்துத் தர இயலும்.

அட்டை கைக்கு வந்ததும் ரகசிய எண்ணை அமைத்து, செயலியில் பதிவுசெய்து, இருப்பு சரியாகத் தெரிகிறதா என்று இங்கேயே பாருங்கள். கடன் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வீட்டிலிருந்தே திறந்து, வரம்பைத் தேவைக்கேற்ப வையுங்கள். பெங்களூர் சிம் அட்டைக்கு, குறுஞ்செய்தி வரும் அளவுக்காவது ரோமிங் வசதியைப் பெறுங்கள். முழுத் தொகையையும் முதலிலேயே ஏற்றிவிடாமல், எதிர்பார்க்கும் செலவில் முக்கால் பங்கை ஏற்றிச் சென்று, தேவைப்பட்டால் அங்கிருந்து ஏற்றுவது மிச்சத்தால் வரும் இழப்பைக் குறைக்கும். விடுமுறையிலும் ஏற்றத்தக்க அட்டையாக இருந்தால் மட்டுமே இந்த யோசனை பொருந்தும்.

ஊர் திரும்பியபின் அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவது வழக்கம். செலவழியாத செலாவணியைத் திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பணத்தாளாக உள்ளதில் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கென வைத்துக்கொள்ளலாம். பயன்படாத அட்டைக்குச் சில வங்கிகள் செயலின்மைக் கட்டணமும் கழிக்கின்றன. விடுதி நிறுத்தி வைத்த பிணைத்தொகை விடுவிக்கப்பட்டதா என்பதைக் கணக்கு அறிக்கையில் பார்த்துவிட்டு, அதன் பிறகே மீதியை மாற்றக் கிளைக்குச் செல்லுங்கள். என் மைத்துனரின் 600 யூரோ, அறையை ஒப்படைத்த பதினோராம் நாள்தான் அட்டைக்குத் திரும்பியது.